மூன்றாண்டு நல்கை, நூறாண்டுக் கடல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். அரங்கில் திரையிட்டுக் காட்டிய வரைபடங்களை இங்கே சொற்களால் விளக்கியிருக்கிறேன். கிளைக்கதைகள் பலவற்றை நீக்கிவிட்டேன்.)



கடலியலின் எதிர்காலம் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய தலைப்புக்கு நான் ஆளில்லை. அதனால் ஒரு சின்னக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடலில் ஒரே இடத்தில், ஒரே அளவை, ஐம்பது ஆண்டுகள் விடாமல் எடுக்க வேண்டும் என்றால் அதற்குப் பணம் யார் தருவது? ஆராய்ச்சி நல்கை என்பது பெரும்பாலும் மூன்றாண்டுக்கு; கடலில் ஏற்படும் ஓர் ஏற்ற இறக்கம் அடையாளம் தெரியவே முப்பது ஆண்டு ஆகலாம். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை யாரோ நிரப்பிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். யார் என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலும் வேலை நிரந்தரமாகாத ஓர் இளம் ஆய்வாளர் கிடைப்பார். நிதிமுறையில் இல்லாத தொடர்ச்சியை அவர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பார். நிதிவெட்டு வரும்போது முதலில் வெளியே அனுப்பப்படுபவரும் அவரே. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைச் சில எடுத்துக்காட்டுகளால் நிறுவப் பார்க்கிறேன். எல்லாம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்தவை. நம் ஊர் நிலவரத்துக்குத் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும்.

1. திரையில் தெரிவது உங்களில் பலரும் பார்த்த படம்தான். ரம்பப் பல்போல ஏறி இறங்கி, மொத்தத்தில் மேலேயே போகும் கோடு. ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், 3,397 மீட்டர் உயரத்தில், 1958 மார்ச் முதல் எடுக்கப்படும் கரியமில வாயுவின் அளவு. முதல் அளவு பத்து லட்சத்தில் 313 பங்கு. 2025 மே மாதச் சராசரி 430ஐத் தாண்டியது. இன்று இதற்குக் கீலிங் வளைகோடு என்று பெயர். தொடங்கியபோது சார்லஸ் டேவிட் கீலிங்குக்கு வயது 29. முனைவர் பட்டம் முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

அவர் வேதியியல் படித்தவர். கால்டெக் பல்கலைக்கழகத்தில் பட்டமேலாய்வு செய்தபோது, காற்றிலும் நீரிலும் உள்ள கரியமில வாயுவை நுட்பமாக அளக்கக் கருவி கிடைக்காமல், 1916இல் வந்த ஒரு கட்டுரையிலிருந்த வடிவமைப்பைக் கொண்டு வாயு அழுத்தமானி ஒன்றைத் தானே செய்துகொண்டார். பிக் சர் காட்டில் கூடாரம் போட்டு, இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து லிட்டர் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்தார். அதுவரை ஆளாளுக்கு ஓர் எண்ணைச் சொல்லிவந்த இடத்தில் அவருக்கு ஓர் ஒழுங்கு தெரிந்தது. இரவில் அளவு கூடுகிறது, பகலில் குறைகிறது, பிற்பகலில் எங்கே எடுத்தாலும் ஏறத்தாழ 310இல் வந்து நிற்கிறது. இந்த ஒரு செய்திக்காகவே ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் இயக்குநர் ரோஜர் ரெவெல் 1956இல் அவரை அழைத்துக்கொண்டார். சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது; அதற்கென ஒதுக்கிய பணம் கையில் இருந்தது.

இங்கே ஒரு கருத்து வேறுபாட்டைக் கவனியுங்கள். உலகம் முழுவதும் ஒருமுறை அளந்துவிட்டு, பல ஆண்டு கழித்து மறுபடி அளந்து ஒப்பிட்டால் போதும் என்பது ரெவெலின் நினைப்பு. மோசமான யோசனை அல்ல, செலவு குறைவு. இளைஞரான கீலிங்தான் ஒரே இடத்தில் விடாமல் அளக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அமெரிக்க வானிலைத் துறையில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்த ஹாரி வெக்ஸ்லர் இடமும் ஆளும் தந்தார். முதல் ஆண்டே மின்தடையால் பதிவு சில தடவை நின்றது. கோடு மே மாதத்தில் உச்சிக்குப் போய் இலையுதிர் காலத்தில் தாழ்வதைப் பார்த்தபோதுதான், வட அரைக்கோளத்துத் தாவரங்கள் மொத்தமாக மூச்சு வாங்கி விடுவதை அந்தக் கருவி பதிவு செய்கிறது என்று புரிந்தது. ரெவெல் நினைத்தபடி இரண்டே முறை அளந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. ஆண்டுக்காண்டு அளவு கூடுகிறது என்பதையும் சேர்த்து 1960இல் 'டெலஸ்' இதழில் எழுதினார்.

2. அதற்கு மூன்றாண்டு கழித்துப் பணம் தீர ஆரம்பித்தது. தென் துருவத்தில் ஓடிக்கொண்டிருந்த தொடர் அளவீட்டுக் கருவி 1963 முடிவில் நின்றது. குடுவையில் காற்றுப் பிடிப்பது மட்டும் தொடர்ந்தது. 1964 தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வானிலைத் துறையின் நிதியைக் குறைத்தது. மௌனா லோவாவில் ஆட்குறைப்பு. அந்த ஆண்டின் மாதச் சராசரி அட்டவணையைப் பிரித்துப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றும் காலியாக இருக்கும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இன்னொரு தொழில்நுட்ப ஊழியருக்குச் சம்பளம் தர முன்வந்த பிறகே பதிவு மறுபடி ஓடியது.

உண்மையைச் சொன்னால், இந்த மூன்று மாத ஓட்டையால் அறிவியலுக்குப் பெரிய நட்டமில்லை. அந்தக் கோடு அவ்வளவு வழவழப்பானது. இரு பக்கமும் பார்த்து நடுவே கோடிழுத்துவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது நிதி தருபவர்கள் இந்த வேலைக்குக் கொடுத்த பெயர். இது வழக்கமான பணி, ஆராய்ச்சி அன்று என்றார்கள். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அறிவியல் அறக்கட்டளையின் பணம் புதியதைக் கண்டுபிடிப்பதற்கு. நேற்று அளந்ததை இன்றும் அளப்பதற்கு அதன் விதிகளில் இடமில்லை. வானிலைத் துறையிடம் போனால், இது நாளைய மழையைச் சொல்லாதே, எங்களுக்கு எதற்கு என்பார்கள். இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி, இரண்டு வீட்டிலும் பசி.

கீலிங்குக்கு இந்த இழுபறி வாழ்நாள் முழுக்க நீடித்தது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதே வேலையைப் புதிய வேலைபோல எழுத வேண்டியிருந்தது. 1974இல் அமெரிக்கத் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் (இனி நோவா என்றே சொல்கிறேன்) அதே மலையில் தன் சொந்த அளவீட்டைத் தொடங்கியது. ஒரே இடத்தில் இரண்டு பேர் அளப்பது வீண்செலவு என்று தோன்றும். வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உங்கள் எண்ணைச் சரிபார்க்க, உங்களைச் சாராத இன்னோர் எண் வேண்டும். அளவுதிருத்தத்துக்கான வாயு உருளை ஒன்றில் நுண்ணிய பிசகு நேர்ந்தால், பத்தாண்டுப் போக்கும் பொய்யாகிவிடும். கீலிங் தன் பட்டமேலாய்வுக் காலத்தில் கைக்கொண்ட அழுத்தமானி முறையின் அருமை அங்கேதான்: உருளைகளின் அளவை அந்த முறையிலேயே சரிபார்த்தார்.

அவர் 2005இல் காலமானார். மகன் ரால்ஃப் கீலிங் ஸ்கிரிப்ஸில் அந்தப் பணியைத் தொடர்கிறார். 2013 மே மாதம் அளவு முதன்முறையாக 400ஐத் தொட்டு உலகச் செய்தியானது. அதே ஆண்டு இறுதிக்குள் அவர் பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டிய நிலை வந்தது. உலகில் மிக அதிகமாக எடுத்துக்காட்டப்படும் அறிவியல் வரைபடங்களில் ஒன்றுக்கு இந்தக் கதி. பெயர் தெரியாத ஒரு விரிகுடாவில் உப்புத்தன்மை அளந்துகொண்டிருக்கும் மாணவிக்கு என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

3. மூன்று மாத ஓட்டையைத் தைத்துவிடலாம் என்றேன். தைக்க முடியாத ஓட்டைக்கு இங்கிலாந்தின் பிளிமத் நகருக்குப் போவோம். அங்கே கடல் உயிரியல் சங்கம் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து தென்மேற்கே, ஆங்கிலக் கால்வாயில், ஈ1 என்று பெயரிட்ட ஒரு புள்ளி. 1903 முதல் அங்கே வெப்பம், உப்பு, ஊட்டச்சத்து, மிதவையுயிரி என்று அளந்து வந்தார்கள். இரு உலகப் போர்களின்போது நின்றது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஃபிரெடெரிக் ரஸ்ஸல் 1924இல் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தபோது இருபதுகளில் இருந்தார். மிதவையுயிரிகளையும் மீன் குஞ்சுகளையும் வாரக்கணக்கில் எண்ணுவது அவர் வேலை. 1930களில் கால்வாயின் உயிர்க்கூட்டமே மாறியது. குளிர் நீரை விரும்பும் ஹெர்ரிங் மீன் போய், வெதுவெதுப்பை விரும்பும் மத்தி இனம் வந்தது. ஏன் என்று அப்போது எவருக்கும் விளங்கவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தார்கள். 1960களின் நடுவிலிருந்து 70களின் இறுதிக்குள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது. இந்தப் போக்குவரத்துக்கு ரஸ்ஸல் சுழற்சி என்று பெயரிட்டார்கள். ஒரு சுற்று முடிய அரை நூற்றாண்டுக்கு அருகே ஆகிறது. ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்துக்குள் சுற்று முடிவதில்லை. ஒருவர் தொடங்கிய கணக்கை இன்னொருவர் வாங்கிக்கொண்டால்தான் அது சுழற்சி என்றே தெரியும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, 1980களின் இறுதியில், சிக்கன நடவடிக்கையாக ஈ1 அளவீட்டுக்கான பணம் நிறுத்தப்பட்டது. காரணம் பழையதுதான்: கண்காணிப்பு வேறு, அறிவியல் வேறு. 2002 வரை அங்கே ஒழுங்கான பதிவு இல்லை. இப்போது விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே 1980களின் இறுதியில்தான் வட கடலில் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. வெதுநீர் இனங்கள் வடக்கே நகர்ந்தன. மிதவையுயிரிகளின் கூட்டமே வேறானது. அது நமக்குத் தெரிவதற்குக் காரணம், 1931இல் அலிஸ்டர் ஹார்டி தொடங்கிய இன்னொரு பதிவு. சரக்குக் கப்பல்களின் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டி இழுத்து, அதற்குள் சுருளும் பட்டுத்துணியில் மிதவையுயிரிகளைப் பிடிக்கும் முறை. அதையும் மூடத்தான் பார்த்தார்கள். ஹார்டியின் பெயரில் 1990இல் ஓர் அறக்கட்டளை அமைத்து அதைக் காப்பாற்றினார்கள். ஈ1க்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. ரஸ்ஸல் காலத்திலிருந்து காத்திருந்த மாற்றம் வாசலுக்கு வந்தபோது, வாசலில் கணக்கெழுத ஆள் இல்லை.

வெட்டியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த மாற்றம் வரப்போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அது யாருக்கும் தெரியாது என்பதால்தான் விடாமல் அளக்கிறோம்.

4. பசிபிக்கைப் பற்றிச் சுருக்கமாக. 1982–83இன் எல் நினோ ஏறத்தாழ உச்சத்துக்குப் போகும்வரை அறிவியலாளர்கள் கண்ணில் படவில்லை. அந்த அதிர்ச்சியில் நிலநடுக்கோட்டை ஒட்டி எழுபது மிதவைகளைக் கொண்ட வரிசை ஒன்றைப் பத்தாண்டுகளில் அமைத்தார்கள்; 1994இல் அது முழுமை பெற்றது. இத்தகைய மிதவையை இறக்கிவிட்டு மறந்துவிட முடியாது. பாசியும் சிப்பியும் ஒட்டும், மின்கலம் தீரும், மிதவையடியில் சூரைமீன் கூடுவதால் மீன்பிடிப் படகுகள் வந்து கட்டும், கருவி உடையும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கப்பல் போக வேண்டும். அதற்கென்றே இருந்த காய்மிமோவானா என்ற கப்பலை 2012இல் செலவைக் குறைக்க ஓய்வில் நிறுத்தினார்கள். இரண்டே ஆண்டில் வரிசையிலிருந்து வரும் தரவு 40 விழுக்காட்டளவுக்குச் சரிந்தது. வலுவான ஓர் எல் நினோ உருவாகத் தொடங்கியிருந்த சமயம் அது.

நம் வங்கக் கடலுக்கும் இதில் பங்குண்டு. நோவாவும் இந்தியாவும் சேர்ந்து பராமரிக்கும் 'ராமா' மிதவைகள் 90 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில், சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டரில் மிதக்கின்றன. உலகக் கடல்களில் மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகள் ஏறத்தாழ நாலாயிரம். பாதிக்கு அமெரிக்கா பொறுப்பு. புயல் எவ்வளவு வலுப்பெறும் என்று இங்கே கணிப்பவர்களுக்கு மேற்பரப்புக்குக் கீழே உள்ள வெப்பம் தெரிய வேண்டும். வாஷிங்டனில் நிதிநிலை அறிக்கையின் ஒரு வரி அடிக்கப்பட்டால் நாகப்பட்டினத்துக் கணிப்பில் ஒரு தரவு குறையலாம்.

5. இனி 2025. முதலில், இளம் கடலியலாளரின் பாதை அமெரிக்காவில் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு. பிறகு ஓரிரண்டு ஆண்டுக்கு ஒரு பட்டமேலாய்வு, அது முடிந்தால் இன்னொன்று, பெரும்பாலும் வேறு ஊரில். அதன்பின் ஸ்கிரிப்ஸ், உட்ஸ் ஹோல் போன்ற இடங்களில் வேலை கிடைத்தாலும் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தன் நல்கையிலிருந்து தானே ஈட்ட வேண்டிய நிலையில் பலர் இருக்கிறார்கள். விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தேறுவதில்லை. கப்பல் நாளொன்றுக்குப் பல்லாயிரம் டாலர் கேட்கும் என்பதால், கடலுக்குப் போகும் வாய்ப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஆழ்கடலடியைத் துளையிட்டு மண்ணெடுத்த ஜோய்டெஸ் ரெசல்யூஷன் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 முதல் அதில் போன மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நுட்பத்தைக் கற்றார்கள். 2024இல் அமெரிக்கா அதற்கான நிதியை முடித்துக்கொண்டது. அந்தக் கைப்பழக்கத்தை வகுப்பறையில் தர முடியாது.

இந்த நிலையில் 2025 பிப்ரவரி 27 அன்று நோவாவில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். யார் அவர்கள்? தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்கள். வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டு ஆனவர்களையும், புதுப் பதவிக்கு மாறியவர்களையும் நீக்குவது சட்டப்படி எளிது. திறமையோ தேவையோ பார்த்து எடுத்த முடிவு இல்லை. கத்தி எட்டிய தூரத்தில் இருந்தவர்கள் போனார்கள். மார்ச்சில் நீதிமன்ற ஆணையால் திரும்ப எடுத்தார்கள். ஏப்ரலில் மறுபடி நீக்கினார்கள். மத்திய அரசு வேலை என்று நம்பி, வேறு ஊரில் வீடு பார்த்துக் குடும்பத்தோடு குடியேறியவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அதே ஏப்ரலில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்ட ஆய்வு உதவித்தொகை, வழக்கமாக 2,000 பேருக்குக் கிடைப்பது, 1,000 பேருக்கே அறிவிக்கப்பட்டது. ஜூனில் 500 பேரைச் சேர்த்தார்கள். 2026க்கான நிதிநிலை முன்மொழிவு அந்த அறக்கட்டளையின் பணத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவரச் சொன்னது. நோவாவின் ஆராய்ச்சிப் பிரிவையே தனிப் பிரிவாக இல்லாமல் ஆக்கச் சொன்னது. அது மூடச் சொன்ன நிலையங்களில் மௌனா லோவாவும் ஒன்று.

முன்மொழிவுதானே, காங்கிரஸ் ஏற்க வேண்டுமே என்று கேட்கலாம். நியாயம். தொகையைக் காங்கிரஸ் பின்னால் திருப்பித் தர முடியும். ஆனால் இருபத்தெட்டு வயதில் ஒருவர் காப்பீட்டு நிறுவனத்துக்கோ மென்பொருள் நிறுவனத்துக்கோ போய்விட்டால், அடுத்த பிப்ரவரியில் நிதி வந்தது என்று அவரைக் கூப்பிட முடியாது. அவர் கையில் இருந்தவை எவை? எந்த உணரி வெயிலில் சற்றுக் கூடுதலாகக் காட்டும், எந்த ஆண்டு எந்தப் பம்பு மாற்றப்பட்டது, பழைய பதிவேட்டில் இன்ன கையெழுத்து இன்னாருடையது. இவற்றில் பாதி எழுத்தில் இருக்காது. மூத்தவர் ஓய்வுபெறும்போது பக்கத்தில் நின்று கேட்டு வாங்கிக்கொள்ள ஓர் இளையவர் வேண்டும். 2025இல் பல அலுவலகங்களில் மூத்தவர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள், இளையவர்கள் நீக்கத்தில் போனார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆண்டில் வெளியேறினார்கள். தொகையைவிட இந்தச் செய்திதான் எனக்கு அச்சம் தருகிறது.

6. அப்படியானால் என்ன செய்யலாம்? மேடையிலிருந்து தீர்வு சொல்வது எளிது. ஆகவே அளவோடு சொல்கிறேன்.

நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு நந்தாவிளக்குக் கொடை தெரியும். ஒருவர் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார். ஆடுகளை இடையர் ஏற்றுக்கொண்டு, நாளொன்றுக்கு உழக்கு நெய் அளந்து ஊற்ற வேண்டும். மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பு. விளக்கு இந்த ஆண்டு புதிதாக எதையாவது காட்டியதா என்று எவரும் கேட்கவில்லை. தினமும் எரிவதுதான் வேலை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற பணமுறையை வகுத்தார்கள். நாம் இன்று கூடியிருக்கும் இந்த அறக்கட்டளையும் அப்படித்தான் இயங்குகிறது: முதல் அப்படியே இருக்கும், வட்டியில் ஆண்டுக்கொரு பேச்சு. கடல் அளவீட்டுக்கு வேண்டியது இந்த வகைப் பணம். போட்டி நல்கை கேள்விகளுக்குப் பொருந்தும். காவல் காப்பதற்குப் பொருந்தாது. ஹார்டியின் பெயரால் அமைந்த அறக்கட்டளை ஒரு பதிவைக் காப்பாற்றியதும், 2014இல் செல்வந்தர்களான ஷ்மிட் தம்பதியர் கீலிங் பதிவுக்கு ஐந்தாண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் தந்ததும் இந்தத் திசையில் வைத்த அடிகள். இரண்டாவதில் ஐந்தாண்டு என்ற வரம்பு இருந்தது. செல்வரின் தயவு அரசின் கடமைக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பணத்தைவிட நம் கையில் உள்ள ஒன்று இருக்கிறது: மதிப்பீடு. ஓர் இளம் ஆய்வாளர் இரண்டாண்டு உழைத்து, நாற்பதாண்டுப் பழைய வெப்பத் தரவைச் சீர்செய்து, பிழைகளைக் குறித்து வெளியிடுகிறார் என்று வையுங்கள். தேர்வுக் குழு அதை எதில் சேர்க்கும்? இப்போதைக்கு 'இதர பணிகள்'. தரவுத் தொகுப்புக்கும் நிலையான அடையாள எண் கொடுத்து, கட்டுரையைப்போல மேற்கோள் காட்டும் வசதி வந்து ஆண்டுகளாகின்றன. வசதியைப் பயன்படுத்தும் மனம்தான் குழுக்களுக்கு வரவில்லை. இந்த அரங்கில் அத்தகைய குழுக்களில் உட்காருபவர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த நேர்காணலில் விண்ணப்பதாரரிடம் எத்தனை கட்டுரை என்று கேட்ட பிறகு, எந்தத் தொடரை நீங்கள் பொறுப்பேற்று நடத்தினீர்கள், அதை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்றும் கேளுங்கள். பதிலுக்கு மதிப்பெண் போடுங்கள். இதற்கு எந்த அமைச்சகத்தின் ஒப்புதலும் வேண்டியதில்லை.